ஆழமான பள்ளத்தாக்குக்கு எந்தப் பாலம்? ரீயூனியன் தீவை முன்வைத்து ஓர் ஒப்பீடு

280 மீட்டர் அகலம், 110 மீட்டர் ஆழம், மேலே இருவழிச் சாலை போக வேண்டும். எந்த வகைப் பாலம் போடலாம்?

எண்கள் மாறினாலும் இதே கேள்விதான் என்னிடம் திரும்பத் திரும்ப வருகிறது. இறுதியாண்டுத் திட்டத்துக்கு ஆர்ச் (வளைவுப் பாலம்) எடுப்பதா கான்டிலீவர் (கரையிலிருந்து கை போல நீளும் பாலம்) எடுப்பதா என்று தவிக்கும் மாணவர்கள் கேட்கிறார்கள். மலைச்சாலை வேலையில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர்களும் கேட்கிறார்கள். பெரும்பாலானவர்கள் பாலத்தின் படத்தை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கான காரணங்களை அப்புறம் தேடுகிறார்கள். வரிசை அப்படி இருக்கக் கூடாது. பள்ளத்தாக்கைத் தாண்டும் பாலத்தைக் கரைதான் தேர்ந்தெடுக்கிறது. இரண்டு பக்கமும் என்ன பாறை இருக்கிறது, அது எவ்வளவு தாங்கும், கீழே ஆறு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தாலே பாதி வகைகள் தாமாகக் கழன்றுவிடும்.

பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது. உண்மையான ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம்.

## நாம் நிற்கப்போகும் இடம்

இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது ரீயூனியன். பிரான்ஸின் பகுதி. பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் நடுவே 3,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் பழைய எரிமலை. அதன் சரிவுகளை மழை கீறிக் கீறிப் பள்ளங்களாக்கி வைத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழகத்திலிருந்து போனவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே தீமிதியும் காவடியும் எடுக்கிறார்கள். 2009இல் மேற்குக் கரையில் திறந்த பெரிய நெடுஞ்சாலையின் பெயர் ரூத் தே தமரேன். புளியமரச் சாலை என்று பொருள்.

தீவின் தெற்கில் ப்ரா த லா ப்ளேன் என்றொரு ஆறு. சிலாவோஸ் பக்கமிருந்து வரும் இன்னொரு ஆற்றோடு சேர்ந்து, சேன்-எத்தியேன் என்ற பெயரில் கடலுக்குப் போகிறது. இரண்டு ஆறுகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஊர் ஆந்த்ர-தெ. பெயருக்கே 'இரண்டுக்கு நடுவில்' என்றுதான் அர்த்தம். இந்த ஊரைச் சேன்-பியேர் பக்கத்தோடு இணைக்க, ப்ரா த லா ப்ளேன் பள்ளத்தாக்கின் மேலே 2002இல் ஒரு பாலம் திறந்தார்கள். நடுவில் தூணே இல்லாமல் ஏறக்குறைய 280 மீட்டர் தாண்டுகிறது. ஆற்றிலிருந்து உயரம் 110 மீட்டர் அளவு. பாலப் பொறியாளர் ழான் முல்லரின் நிறுவனமும் கட்டடக் கலைஞர் அலேன் அமெதியோவும் வடிவமைத்தது.

சில ஆண்டுகளுக்குப் பிறகு அதே தீவின் மேற்கில், அதே மாதிரியான எரிமலைப் பள்ளங்களின் மேல், வேறு வேறு வகைப் பாலங்கள் வந்தன. ஒன்று ஆர்ச், ஒன்று சாய்ந்த கால்களில் நிற்பது, ஒன்று தூண்களோடு வடமும் சேர்ந்தது. ஒரே தீவு, ஒரே காலகட்டம், பல பதில்கள். ஒப்பிட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ப்ரா த லா ப்ளேன் பள்ளத்தாக்கின் விளிம்பில் நாமே முடிவெடுக்க நின்றால் எப்படி யோசிப்போம் என்பதுதான் இனி வருவது. இந்த எடைபோடல் என்னுடையது.

## முதலில் அளவுகோல்

கால் எங்கே ஊன்றுவது? எரிமலைத் தீவின் பாறை வெளியிலிருந்து பார்க்கக் கருங்கல் மலை போலத் தெரியும். உள்ளே அப்படி இல்லை. ஒரு முறை வழிந்த குழம்பு இறுகிக் கெட்டிப் பாறையாகியிருக்கும். அதன் மேல் கசடும் சாம்பலும் படிந்திருக்கும், அதற்கும் மேல் அடுத்த குழம்பு. துளை போட்டு எடுத்த மாதிரிகளைப் பெட்டியில் வரிசையாக அடுக்கிப் பார்த்தால் தெரியும்: ஒரு முழம் நீளத்துக்கு வழவழப்பான கருங்கல் உருளை, அடுத்த அரை முழம் கையில் எடுத்தால் பொடிந்துபோகும் செங்கல் நிறச் சரளை, மறுபடியும் கருங்கல். பாலத்தின் கால் இதில் எந்த அடுக்கில் போய் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

வெள்ளம் என்ன செய்யும்? மழையில் உலக சாதனைகள் சில இந்தத் தீவின் பெயரில்தான் இருக்கின்றன. 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது கொமெர்சோன் எரிமலைவாய் அருகே மூன்று நாளில் 3,930 மி.மீ. பெய்தது. சென்னையில் ஓராண்டின் சராசரி மழையே 1,400 மி.மீ. அளவுதான். சென்னை மூன்று வருடம் வாங்கும் மழையில் பெரும்பகுதி அங்கே மூன்றே நாளில் கொட்டியது.

கட்டும்போது எப்படி நிற்கும்? முடிந்த பாலத்தை எல்லோரும் கணக்குப் பார்ப்பார்கள். பாதி முடிந்த பாலம்தான் ஆபத்தானது. 110 மீட்டர் பள்ளத்தில் கீழிருந்து சாரம் கட்டி சென்டரிங் அடிக்க முடியாது. காற்றில் தொங்கும் அந்தப் பல மாதங்களில் பாலம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்பது தேர்வையே புரட்டிப் போடும்.

பொருள் எப்படி வந்து சேரும்? தீவில் கல் உண்டு. பெரிய எஃகுப் பாகங்களும் வடங்களும் கப்பலில்தான் வர வேண்டும். துறைமுகத்தில் இறங்கிய பிறகு கொண்டைஊசி வளைவுகளில் ஏற வேண்டும். 30 மீட்டர் நீள எஃகுத் துண்டு வரைபடத்தில் அழகாக இருக்கும், மலைச்சாலை வளைவில் லாரி திரும்பாது.

அப்புறம் யார் பார்த்துக்கொள்வது? திறப்பு விழாவில் யாரும் பேசாத செலவு இது. உப்புக்காற்று, ஈரம், துரு. ஐம்பது வருடம் கழித்தும் அந்த இடத்துக்கு ஒரு மனிதன் பாதுகாப்பாகப் போய்க் கைவைத்துப் பார்க்க முடிய வேண்டும்.

அழகை நான் மறக்கவில்லை. ஆனால் இந்த ஐந்தையும் சரியாகத் தீர்த்த பாலம் பெரும்பாலும் அழகாகவே வந்துவிடுகிறது.

## தேர்வு 1: உயரமான தூண்கள், மேலே பெட்டித் தூலம்

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது இதுதான். பள்ளத்தில் இரண்டு தூண் எழுப்பு, ஒவ்வொரு தூணின் தலையிலிருந்தும் இரு பக்கமும் சமமாகத் தளத்தை, அதாவது உள்ளே கூடான பெட்டி வடிவத் தூலத்தை, நீட்டிக்கொண்டே போ, நடுவில் சேர்த்துவிடு. தராசு மாதிரி இரு பக்கமும் எடை சமமாக இருப்பதால் கட்டும்போது நிலைத்து நிற்கும். தொழில்நுட்பம் பழகியது, ஒப்பந்தக்காரர்களும் எளிதில் கிடைப்பார்கள். பிரான்ஸின் மியோ பாலம் 2004இல் திறந்தபோது, தூணுக்கு உயரம் ஒரு தடையே இல்லை என்று உலகத்துக்கே காட்டியது.

அந்தப் பள்ளத்தாக்கு அகலமானது, ஆறு அதில் ஓர் ஓரத்தில் போகிறது. நம்முடையது குறுகலானது, அடி முழுக்க ஆற்றின் படுகை. தூண் வைத்தால் ஆற்றிலோ, ஆறு தொடும் இடத்திலோதான் வைக்க வேண்டும்.

அதன் விலை என்ன என்பதற்குச் சாட்சி அதே நீரோட்டத்தில் இருக்கிறது. 2007 பிப்ரவரி 25, கமேத் புயல். ப்ரா த லா ப்ளேன் போய்ச் சேரும் அதே சேன்-எத்தியேன் ஆற்றின் மீது, கடலுக்குப் பக்கத்தில் இருந்த நெடுஞ்சாலைப் பாலம் இடிந்து விழுந்தது. மேலிருந்து வந்த சுமை அதைச் சாய்க்கவில்லை. வெள்ளம் படுகையை அரித்துத் தூணின் அடியைப் பறித்துக்கொண்டது. தீவின் மேற்கையும் தெற்கையும் இணைக்கும் முக்கியச் சாலை அறுந்தது. மேலே பள்ளத்தாக்கில், ஆற்றில் கால் வைக்காத பாலத்துக்கு அந்த வெள்ளத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. நீர் 110 மீட்டர் கீழே போய்க்கொண்டிருந்தது.

மறைந்திருக்கும் செலவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூண் கட்ட பள்ளத்தின் அடிக்கு முதலில் ஒரு சாலை வெட்ட வேண்டும், செங்குத்துச் சரிவில் அதுவே ஒரு தனித் திட்டம். புயல் பருவம் முழுக்கக் கீழே ஆட்களை வைத்து வேலை செய்வது உயிரோடு விளையாடுவது, அதனால் வருடத்தில் சில மாதங்கள் அடித்தள வேலை நிற்கும். சரிவிலிருந்து உருளும் பாறை தூணில் மோதலாம்.

இந்த வகை வெற்றி பெறும் இடம் வேறு. பள்ளம் அகலமாக, அடி தட்டையாக, ஆறு ஒரு மூலையில் அடங்கிப் போகும் இடமாக இருந்தால் இதைவிட மலிவான, சிக்கலில்லாத தேர்வு இல்லை. புளியமரச் சாலையில் த்ருவா பஸ்ஸான் பள்ளத்தில் ஏறக்குறைய 370 மீட்டர் நீளத்தைத் தூண்கள் வைத்துத்தான் தாண்டினார்கள். அங்கே தூண்களின் தலையில் குட்டையான கோபுரங்கள் எழுப்பி, வடத்தால் தளத்தைத் தாங்கிக்கொடுத்தார்கள். தூணுக்கு இடம் இருந்தது, அதனால் அந்த வகை பொருந்தியது.

## தேர்வு 2: ஆர்ச்

மனசுக்கு மிக நெருக்கமான வகை. V வடிவப் பள்ளத்தாக்கைப் பார்த்தாலே ஆர்ச் போடத்தான் கை போகும். சுமை முழுவதும் அழுத்தமாக மாறிக் கரைப் பாறைக்குள் போகிறது. அழுத்தத்தைத் தாங்குவதில் கான்கிரீட்டுக்கு இணை கிடையாது. ஆற்றில் கால் இல்லை. எஃகு குறைவு, துருவும் குறைவு. தென்னாப்பிரிக்காவின் ப்ளூக்ரான்ஸ் பாலம் 272 மீட்டர் கண்ணோடு (தாங்கிகளுக்கு நடுவே ஒரே எட்டில் தாண்டும் தூரம்), பள்ளத்திலிருந்து 216 மீட்டர் உயரத்தில் 1984இலிருந்து நிற்கிறது. ஏறக்குறைய நம் அளவேதான். ரீயூனியனிலேயே ஃபோந்தேன் பள்ளத்தைக் கான்கிரீட் ஆர்ச்தான் தாண்டுகிறது.

அப்படியானால் ஏன் தயங்க வேண்டும்? ஆர்ச் பாறையை நம்பி வாழ்கிறது. அதன் இரு பாதங்களும் கரையைப் பக்கவாட்டில் நெம்பித் தள்ளிக்கொண்டே இருக்கும், பாலம் உள்ள நாள் வரை. பாதம் சாலை மட்டத்தில் இல்லை, பல பத்து மீட்டர் கீழே சரிவின் நடுவில் இருக்கிறது. மேலே சொன்ன கசடு அடுக்கு சரியாக அந்த உயரத்தில் வந்துவிட்டால்? பாதம் சில சென்டிமீட்டர் நகர்ந்தாலே ஆர்ச்சுக்குள் தேவையில்லாத வளைவு ஏறிக்கொள்ளும். பொடிச் சரளையைத் தோண்டி எடுத்து, கெட்டிப் பாறை வரும்வரை உள்ளே போய்க் கான்கிரீட் நிரப்ப வேண்டியிருக்கும். எவ்வளவு தோண்ட வேண்டும் என்பது தோண்டும்போதுதான் தெரியும். ஒப்பந்தத்தில் இருக்கும் தொகை அங்கேதான் கைமீறும்.

கட்டும்போது இன்னொரு கஷ்டம். ஆர்ச் முழுதாகச் சேரும் நாள் வரை அது ஆர்ச் இல்லை, கரையிலிருந்து நீளும் இரண்டு துண்டுகள்தான். அந்தத் துண்டுகளைத் தற்காலிக வடங்களால் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும், அந்த வடங்களைப் பாறையில் நங்கூரம் போட வேண்டும். வேலை முடிந்ததும் அத்தனையையும் கழற்றி எடுத்துவிடுவோம். முடிந்த பாலத்தின் எடையில் ஒரு கிலோகூடச் சேராத இந்தத் தற்காலிக ஏற்பாடு, செலவில் பெரிய பங்கு கேட்கும்.

இரு சரிவிலும் ஒரே கெட்டிப் பாறை என்று துளை மாதிரிகள் சொன்னால், நான் ஆர்ச்சைத்தான் எடுப்பேன். பராமரிப்பில் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

## தேர்வு 3: சாய்கால்கள்

ஆர்ச்சின் தம்பி என்று சொல்லலாம். வளைவுக்குப் பதிலாக, ஒவ்வொரு கரையிலிருந்தும் ஒரு சாய்ந்த கால் கிளம்பி வந்து தளத்தைத் தாங்குகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடி இரு கைகளையும் முன்னால் நீட்டி ஒரு பலகையைத் தாங்குவது போல. இத்தாலியின் ஸ்ஃபலஸ்ஸா பாலம் 376 மீட்டரை இந்த முறையில் தாண்டுகிறது.

இதன் மிகத் துணிச்சலான வடிவம் புளியமரச் சாலையின் கிராந்த் ரவீன் பாலம். பள்ளத்தின் ஆழம் 170 மீட்டர். அலேன் ஸ்பீல்மான் கட்டடக் கலைஞர். முன்னழுத்தம் கொடுத்த (உள்ளே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகளால் முன்கூட்டியே அழுத்திவைத்த) உயர்வலிமைக் கான்கிரீட் கால்கள், கிடைமட்டத்திலிருந்து சுமார் 20 பாகை மட்டுமே சாய்ந்து, கரைச்சுவரிலிருந்து பாய்வது போலக் கிளம்புகின்றன. மேலே 288 மீட்டர் நீள எஃகுத் தளம், இரு கரையிலிருந்தும் தள்ளித் தள்ளி நடுவில் கொண்டுவந்து சேர்த்தார்கள். கால்கள் தாங்கிக்கொள்வதால் நடுவில் தளம் தனியாகத் தாண்ட வேண்டிய தூரம் ஏறக்குறைய பாதியாகிறது. பள்ளத்தின் அடியில் யாரும் கால் வைக்கத் தேவையில்லை, செடிகொடிகளும் பறவைகளும் அப்படியே இருக்கும்.

நல்ல பக்கம் இது. கால் மேல்மட்டத்துக்கு அருகிலேயே கிளம்புவதால், ஆர்ச் பாதம் மாதிரி சரிவின் நடுவே போய்த் தோண்ட வேண்டியதில்லை. கெட்ட பக்கம், கால் படுத்தாற்போல் சாயச் சாய அதற்குள் ஏறும் விசை வேகமாகக் கூடும். 20 பாகையில் நிற்கும் கால், தான் தாங்கும் செங்குத்துச் சுமையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு விசையைத் தன் நீளவாக்கில் சுமக்கும். 1-ஐ 20 பாகையின் சைன் மதிப்பால் வகுத்துப் பாருங்கள், 2.9 வரும். அவ்வளவும் கரைக்குள் போக வேண்டும். அப்புறம் எஃகுத் தளம். நான்குவழி நெடுஞ்சாலைக்கு அது நியாயம், தளத்தின் எடையைக் குறைக்க வேறு வழியில்லை. தினமும் சில ஆயிரம் வண்டிகள் போகும் உள்ளூர்ச் சாலைக்கு, கப்பலில் வரும் அவ்வளவு எஃகும் அதைக் காலமெல்லாம் பூச்சு அடித்துக் காப்பதும் அதிகம் என்றே எனக்குப் படுகிறது.

## தேர்வு 4: தொங்கு பாலமும் வடப் பாலமும்

இவற்றைச் சுருக்கமாகவே பார்க்கலாம். தீவின் கிழக்கே ரிவியேர் த லெஸ்த் ஆற்றின் மேல் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய தொங்கு பாலம் இன்னும் நிற்கிறது. வாகனங்கள் பக்கத்தில் கட்டிய கான்கிரீட் பாலத்தில் போகின்றன, பழையதில் நடந்து போகலாம். அந்தக் காலத்தில் அந்த ஆற்றை ஒரே எட்டில் தாண்ட அதைவிட்டால் வழியில்லை.

இன்று 280 மீட்டருக்குத் தொங்கு பாலம் என்றால், லேசான தளம் புயல்காற்றில் ஆடும், கனரக லாரிக்கு விறைப்பாக்க எடை கூட்ட வேண்டும், கூட்டினால் தொங்கு பாலத்தின் லாபமே போய்விடும். வடம் ஈரத்தில் உள்ளுக்குள் துருப்பிடித்தால் வெளியே தெரியாது. கோபுரத்திலிருந்து சாய்வாக வரும் வடங்களே தளத்தை நேராகப் பிடிக்கும் வடப் பாலத்துக்கு, கோபுரத்தின் பின்பக்கமும் சம நீளத்துக்குத் தளம் வேண்டும். விளிம்பு தாண்டியதும் சாலை வளைந்து மலையேறும் இடத்தில் அதற்கு இடமில்லை.

நடைபாதை, இருசக்கர வண்டி, சின்ன ஊர்திகள் மட்டும் என்றால் தொங்கு பாலம்தான். 400, 500 மீட்டருக்கு மேல் போனால் வடம் தானாகவே முன்னுக்கு வந்துவிடும்.

## தேர்வு 5: கரையில் வேரூன்றிய கான்டிலீவர்

ப்ரா த லா ப்ளேனில் தேர்ந்தெடுத்தது இது. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய பாலம்.

வீட்டில் செய்து பாருங்கள். இரண்டு மேசைகளை ஒரு அடி இடைவெளியில் போடுங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு அடி ஸ்கேலை வைத்து, பாதியை வெளியே நீட்டுங்கள். விழப் பார்க்கும். பின்பக்கத்தில் ஒரு தடித்த அகராதியை வையுங்கள், நிற்கும். இரண்டு ஸ்கேல்களின் முனைகளும் நடுவில் தொட்டுக்கொண்டால் அதுதான் இந்தப் பாலம். கரையில் இருக்கும் கான்கிரீட் தாங்கியே அந்த அகராதி. பாறையைப் பக்கவாட்டில் தள்ளுவதில்லை, தன் எடையால் பாலத்தின் வாலைப் பிடித்து வைக்கிறது. கசடு அடுக்கு உள்ள பாறையில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை ஆர்ச் பாதம் தோண்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எடைதான் இதற்கு எதிரி. கணக்குக்காக மீட்டருக்கு 10 டன் என்று வைத்துக்கொள்வோம். 140 மீட்டர் நீளும் கையின் வளைவுத் திருப்பம் (கையைக் கரையில் வளைத்துச் சாய்க்கப் பார்க்கும் நெம்பு விளைவு): 10 × 140 × 140 ÷ 2, அதாவது 98,000 டன்-மீட்டர். பின்னால் எதிர் எடையின் நெம்பு தூரம் 12 மீட்டர் என்றால் 8,000 டன்னுக்கும் மேல் வேண்டும். கான்கிரீட்டில் அது சுமார் 3,400 கன மீட்டர், ஒரு கரைக்கு மட்டும், பாதுகாப்புக் காரணியைச் சேர்க்காமல். நீளத்தை இரட்டிப்பாக்கினால் இது நான்கு மடங்காகும். ஆகவே கையை எவ்வளவு இளைக்க வைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

அங்கேதான் வடிவமைப்பின் அழகு. கரையில் சுமார் 17 மீட்டர் ஆழமாகத் தொடங்கும் தூலம் நடுவில் 4 மீட்டராக மெலிகிறது. 17 மீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட் பக்கச் சுவர் எழுப்பினால் அந்தச் சுவரின் எடையே ஆளைக் கொல்லும். ஆகவே சுவரை எடுத்துவிட்டார்கள். மேலே சாலைத் தளமான கான்கிரீட் பலகை, கீழே வளைந்து ஏறும் கான்கிரீட் பலகை, இரண்டுக்கும் நடுவே சாய்வாகப் போகும் எஃகுக் குழாய்கள். மேல் பலகையில் இழுவிசையை முன்னழுத்தக் கம்பி பார்த்துக்கொள்கிறது, கீழ்ப் பலகையில் அழுத்தத்தைக் கான்கிரீட் பார்த்துக்கொள்கிறது. புயல்காற்று குழாய்களுக்கு நடுவே புகுந்து போய்விடும். தூரத்திலிருந்து பார்த்தால் கீழ்ப் பலகையின் வளைவு ஆர்ச் போலவே தெரியும். ஆனால் அது கரையைத் தள்ளிக்கொண்டு நிற்கும் ஆர்ச் இல்லை.

கட்டும் முறையும் வடிவமும் ஒன்றே. கரையிலிருந்து துண்டு துண்டாக நீட்டிக்கொண்டு போகலாம், முடிந்த பாலம் எப்படி நிற்குமோ அப்படித்தான் பாதிப் பாலமும் நிற்கும். கழற்றி எறியப்போகும் வடமும் கோபுரமும் தேவையில்லை.

இனி மறைந்திருக்கும் செலவு. ஒன்று, காலப்போக்கில் வரும் தொய்வு. அழுத்தத்தில் இருக்கும் கான்கிரீட் வருடக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்கி நகரும். நீண்ட கான்டிலீவரின் நுனியில் அது பெரிதாகத் தெரியும். இன்னொரு தீவின் கதையைக் கேளுங்கள். பசிபிக்கில் பலாவ் நாட்டின் கொரோர்–பாபெல்தாப் பாலம், 1977, 241 மீட்டர் கண், நடுவில் கீல் மூட்டு. எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக, ஒரு மீட்டருக்கும் மேல் நடுவில் தொய்ந்தது. பழுது பார்த்தார்கள். அதன் பிறகு 1996 செப்டம்பர் 26 அன்று இடிந்து விழுந்தது. இருவர் இறந்தனர், அப்போதைய தலைநகர் கொரோருக்குப் போன குடிநீரும் மின்சாரமும் அறுந்தன. இந்த வகையைத் தேர்ந்தெடுப்பவர் இந்தத் தொய்வுக் கணக்கை ஒருமுறை போட்டு மூடிவிடக் கூடாது. ஒவ்வொரு வருடமும் நுனியின் மட்டத்தை அளந்து எழுதிவைக்க வேண்டும். கனமான பெட்டித் தூலத்திலும் இந்தத் தூரத்தைத் தாண்டலாம்தான். நார்வேயின் ஸ்தோல்மா பாலம் 1998இல் 301 மீட்டர் போனது, அதுவும் கண்ணின் நடுப்பகுதியில் எடை குறைந்த கான்கிரீட் ஊற்றித்தான்.

இரண்டாவது, அந்த எஃகுக் குழாய்கள் கான்கிரீட்டைச் சந்திக்கும் மூட்டுகள். ஒரு மலைச்சாலை எஃகுப் பாலத்தின் அடியில் பூச்சு வேலை நடந்ததை ஒரு நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். கயிற்றில் தொங்கியபடி ஒருவர் கம்பி பிரஷால் மூட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். குழாய் புதுசு போல இருந்தது. மூட்டின் மேல்விளிம்பில், தூசியும் பறவை எச்சமும் சேர்ந்து ஈரம் தங்கிய ஒரு விரல் அகல இடத்தில் மட்டும் பழுப்பாகச் செதில் செதிலாக உதிர்ந்தது. சாயங்காலத்துக்குள் அவர் முடித்தது ஐந்தே மூட்டுகள். நூற்றுக்கணக்கான மூட்டு உள்ள பாலத்துக்கு வருடாந்திரப் பணம் ஒதுக்காமல் இந்த வகையைத் தொடக் கூடாது. மூட்டுக்கு மனிதன் போகும் நடைமேடையை வடிவமைப்பின் முதல் நாளிலேயே வரைந்துவிட வேண்டும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வகை | ஆற்றில் கால் | கரைப் பாறையிடம் கேட்பது | கட்டும்போது | பிற்காலச் செலவு |
|---|---|---|---|---|
| தூண் + பெட்டித் தூலம் | உண்டு | குறைவு, படுகைதான் பிரச்சினை | பள்ளத்துக்குள் சாலை வேண்டும் | அரிப்பைக் கண்காணிக்க வேண்டும் |
| ஆர்ச் | இல்லை | மிக அதிகம், சரிவின் நடுவில் | தற்காலிக வடங்கள் நிறைய | மிகக் குறைவு |
| சாய்கால் | இல்லை | அதிகம், மேல்மட்டத்தில் | கால்களைப் பிடிக்க வேண்டும் | எஃகுத் தளமானால் பூச்சு |
| தொங்கு / வடம் | இல்லை | நங்கூரத்துக்குப் பலமான பாறை, பின்னால் இடம் | ஓரளவு எளிது | வடச் சோதனை, மாற்றம் |
| கரைக் கான்டிலீவர் | இல்லை | எடையைத் தாங்கினால் போதும் | தானே நிற்கும் | தொய்வு அளவீடு, மூட்டுப் பூச்சு |

## அந்த விளிம்பில் நான் நின்றால்

நானும் கரைக் கான்டிலீவரைத்தான் எடுப்பேன். ஆற்றில் கால் வைக்க மனம் வராது, சேன்-எத்தியேன் பாலம் விழுந்ததை அறிந்த பிறகு ஒருபோதும் வராது. மீதி நான்கில், பாறையிடம் மிகக் குறைவாகக் கேட்பது இது. இருவழிச் சாலை என்பதால் தளம் அகலம் இல்லை, எடையும் அடங்கும். கப்பலில் வர வேண்டிய எஃகில் பெரிய துண்டுகள் குறைவு, குழாய்கள் வளைவுகளில் திரும்பி ஏறிவிடும்.

இதே இடத்தில் இந்த நான்கில் ஒன்று மாறினாலும் என் பதில் மாறும். சாலை நான்குவழி ஆனால், கான்டிலீவரின் எதிர் எடை கட்டுக்கடங்காமல் போகும். அப்போது கிராந்த் ரவீன் மாதிரி சாய்கால்தான் சரி, எஃகுக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும். துளை மாதிரிகளில் சரிவு முழுக்க ஒரே கருங்கல் என்று வந்தால் ஆர்ச். விளிம்புக்குப் பின்னால் எதிர் எடையை வைக்க இடமே இல்லாமல், சாலை உடனே சுரங்கத்துக்குள் நுழைகிறது என்றாலும் ஆர்ச்சையே பார்ப்பேன். கண் 150 மீட்டருக்குக் கீழே வந்தால், எஃகுக் குழாயெல்லாம் வேண்டாம், சாதாரணக் கான்கிரீட் பெட்டித் தூலத்தையே கரையிலிருந்து நீட்டிவிடலாம், உள்ளூர் ஆட்களே கட்டுவார்கள்.

கேள்வி அனுப்புகிறவர்கள் அடுத்த முறை நான்கு விவரங்களைச் சேர்த்து அனுப்புங்கள். இரு கரையிலும் எடுத்த துளை மாதிரிகளின் படம், உள்ளூர்ப் பெரியவர்கள் காட்டும் மிக உயர்ந்த வெள்ளக் குறி, விளிம்பிலிருந்து பின்னால் சாலை நேராகப் போகும் நீளம், துறைமுகத்திலிருந்தோ ரயிலடியிலிருந்தோ அந்த இடத்துக்கு வரும் வழியில் மிகக் குறுகலான வளைவின் அளவு. பாலத்தின் படம் வேண்டாம், அதை அப்புறம் சேர்ந்து வரைந்துகொள்வோம்.